பெட்ரோலியம் இன்ஜினியரிங்: செத்துக்கொண்டிருக்கும் படிப்பா?

கேள்வி (மே 28, 2023)

அண்ணா, பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பெட்ரோலியம் இன்ஜினியரிங்கில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சித்தப்பா "எண்ணெய்க்கு இன்னும் பத்து வருஷம்தான், அப்புறம் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்" என்கிறார். மாமா "சம்பளம் அள்ளலாம், கண்ணை மூடிக்கொண்டு சேர்" என்கிறார். நீங்கள் படித்தவர், வேலையும் பார்த்தவர். யார் சொல்வது சரி?

மே 28, இரவு

அண்ணா இல்லை, அக்கா. பரவாயில்லை, எனக்கு வரும் மெயில்களில் பாதி இன்னும் "டியர் சார்" என்றுதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. சித்தப்பாவுடையது கொஞ்சம் குறைவான தப்பு. உலகம் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பேரல் எண்ணெயைத் தீர்க்கிறது. பேரலுக்கு 200 லிட்டர் என்றால் 2,000 கோடி லிட்டர். இது பத்து வருஷத்தில் பூஜ்யம் ஆகாது. குறையலாம். குறையவும் வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளும் சும்மா இருப்பதில்லை, வருஷா வருஷம் தாமாகவே தளர்ந்துகொண்டு வருகின்றன. தேவை ஒரு சொட்டுகூட ஏறாமல் நின்றாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப ஆள் வேண்டும்.

மாமாவின் "கண்ணை மூடிக்கொண்டு" இதைவிட ஆபத்து. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஒரே வரியில் பதில் வேண்டும் என்றால்: சேராதே. மெக்கானிக்கலோ கெமிக்கலோ எடு, எண்ணெய்க் கம்பெனிகள் அவர்களையும் எடுக்கின்றன. விரிவாகக் கேட்டால் பதில் மாறினாலும் மாறும்.

மே 29, காலை

நேற்று எழுதியதில் பிழை. கணக்குப் போடும் பேரல் 42 அமெரிக்க கேலன், அதாவது 159 லிட்டர். நான் சொன்ன 200 லிட்டர் அந்த நீல நிற இரும்பு டிரம், அது 55 கேலன், 208 லிட்டர். எண்ணெய் வியாபாரத்தில் யாரும் அதை வைத்து அளப்பதில்லை. ஆக 2,000 கோடி இல்லை, சுமார் 1,590 கோடி லிட்டர். இதைப் படித்த ஒருவர் தனி மெயிலில் கையும் களவுமாகப் பிடித்தார்.

இந்தப் படிப்பின் பாதி வலி யூனிட்தான் என்று இன்று எழுதுவதாக இருந்தேன். எழுதுவதற்கு முன்னாலேயே நானே உதாரணமாகிவிட்டேன்.

மே 29, இரவு

சரி, யூனிட் கதை.

முதல் வருஷம் எல்லா இன்ஜினியரிங்கிலும் இருப்பதுதான்: கணக்கு, இயற்பியல், வேதியியல், கூடவே கொஞ்சம் நிலவியல். இரண்டாம் வருஷம் திரவங்களின் ஓட்டம், வெப்ப இயக்கவியல், பாறைகள். மூன்றாம் வருஷத்தில்தான் பெயருக்கு ஏற்ற பாடங்கள் வரும்: துளைப்பது, கிணற்றுக்குள் கருவி இறக்கி அளப்பது, எண்ணெய்த் தேக்கம், மேலே எடுப்பது. நாலாம் வருஷம் இதையெல்லாம் ஒன்றாகப் போட்டு, ஒரு வயலைத் தோண்டலாமா வேண்டாமா என்று பணக் கணக்கோடு சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வெளியில் பல பேருக்கு இது தெரியாது. பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி கிடையாது. எண்ணெய் பாறைக்குள் இருக்கிறது, ஈரமான செங்கல்லுக்குள் தண்ணீர் இருப்பது போல. அந்தப் பாறையில் எவ்வளவு இடுக்கு இருக்கிறது என்பது போராசிட்டி. அந்த இடுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து, திரவத்தை எவ்வளவு சுலபமாக விடுகின்றன என்பது பெர்மியபிலிட்டி. நுண்துளைமை, ஊடுபுகுதிறன் என்று தமிழில் அழகான சொற்கள் உண்டு. வகுப்பில் வாய்க்கு வந்ததையே எழுதுகிறேன்.

மூன்றாம் வருஷ ஆய்வகம். கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த பாறைத் துண்டு, உருளை வடிவம், 3.8 செ.மீ. விட்டம், 5 செ.மீ. நீளம். கையில் வைத்தால் கெட்டிக் கல், ஓட்டை என்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. அதை ரப்பர் உறைக்குள் செருகி, ஒரு பக்கம் அழுத்தம் கொடுத்து உப்புத் தண்ணீரை விட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் மறு பக்கக் குழாயில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. கல்லுக்குள் நுழைந்து வெளியே வந்த தண்ணீர். எனக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போனது அந்த ஒரு சொட்டில்தான். அதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு நிமிஷத்துக்கு 6 கன செ.மீ. தண்ணீர் சேர்ந்தது. அழுத்தம் காட்டும் கேஜில் 29.4 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்). பெர்மியபிலிட்டியைக் கணக்கிடும் டார்சி சூத்திரத்தில் போட்டேன், 1.5 மில்லிடார்சி (பெர்மியபிலிட்டியின் யூனிட்) வந்தது. "இறுக்கமான பாறை, எடுக்க லாயக்கில்லை" என்று ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தச் சூத்திரத்தில் அழுத்தம் அட்மாஸ்பியரில் போக வேண்டும். 29.4 பிஎஸ்ஐ என்றால் 2 அட்மாஸ்பியர். சரியான விடை 22 மில்லிடார்சி. தாராளமாக எண்ணெய் தரக்கூடிய பாறை. பேராசிரியர் ரெக்கார்டைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "நல்ல கிணற்றை மூடிட்டியேம்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

டார்சிக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமே கிடையாது என்பது இன்னொரு வேடிக்கை. அவர் பிரான்சில் தீஷோன் நகரத்துக் குடிநீரைப் பார்த்துக்கொண்டவர். மணல் வடிகட்டி வழியாகத் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று சோதித்து 1856-ல் எழுதினார். டிரேக் என்பவர் அமெரிக்காவின் டைடஸ்வில்லில் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1859-ல். நம் தொழிலின் அடிப்படைச் சூத்திரம் தொழிலுக்கு மூத்தது, அதுவும் குடிநீர் இலாகாவிலிருந்து வந்தது.

ஜூன் 1

மாமாவுக்குப் பதில்.

நான் சேர்ந்தது 2012. எண்ணெய் பேரலுக்கு 100 டாலருக்கு மேல். எங்களுக்கு இரண்டு வருஷம் மூத்தவர்கள் படிப்பு முடியும் முன்னாலேயே கையில் வேலைக் கடிதத்தோடு நடந்தார்கள். 2014 நடுவில் விலை சரிய ஆரம்பித்தது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. நான் பட்டம் வாங்கியது 2016 மே.

எங்கள் வகுப்பில் அந்த வருஷம் துறைக்குள் வேலைக்குப் போனவர்களை ஒரு கை விரல்களில் எண்ணலாம். எனக்கு 14 மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் ஒரு தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் கணக்கு. (டார்சி சிரித்திருப்பார்.) அதற்கப்புறம்தான் ரிக், எண்ணெய்க் கிணறு துளைக்கும் மேடை.

இது எனக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று அப்போது நினைத்துப் புலம்பினேன். இல்லை. 1986-ல் சில மாதங்களிலேயே விலை பாதிக்கும் கீழே விழுந்து ஒரு தலைமுறை இன்ஜினியர்களையே வெளியே தள்ளியது. விலை ஏறும்போது எல்லோரும் சேர்வார்கள், நாலு வருஷம் கழித்துக் கும்பலாக வெளியே வருவார்கள், அப்போது விலை எங்கேயோ இருக்கும். விலை விழுந்தபோது பயந்து யாரும் சேரமாட்டார்கள், நாலு வருஷம் கழித்து ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் அலையும். சேரும் நாள் விலை வேறு, முடிக்கும் நாள் விலை வேறு. மாமா பார்ப்பது முதலாவதை.

2020 ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்க விலைக்கு அளவுகோலான டபிள்யூடிஐ எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. மைனஸ். எண்ணெயை எடுத்துக்கொண்டு போக நாங்களே காசு தருகிறோம் என்று அர்த்தம். வைக்க இடமில்லை, வாங்கிக் கொட்ட ஆளில்லை. நான் அன்று ரிக்கில் இருந்தேன். துளைக்கும் இயந்திரத்தை ஓட்டும் டிரில்லர் செய்தியைப் படித்துவிட்டு, "அப்ப நாம இதைத் தோண்டத் தோண்ட நஷ்டமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. துளைக்கும் முனையான பிட் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜூன் 1, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் "சேராதே" என்பதற்கு ஆதாரம் அடுக்குவது போல் இருக்கிறது. ஆனால் அதே வாதத்தைத் திருப்பிப் போட்டால், இப்போது எல்லோரும் சேர பயப்படுவது சேர்வதற்கான காரணமாகிவிடும். அதையும் நான் சொல்ல வரவில்லை. விலையை விட்டுவிடு என்கிறேன், இரண்டு பக்கமும்.

ஜூன் 5

"படிப்பில் எது கஷ்டம்?" என்று கேட்டிருந்தாய். கணக்கு என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். கணக்கு கஷ்டம்தான், ஆனால் உட்கார்ந்தால் வந்துவிடும். எனக்கு வராமல் போனது வேறு.

துளைக்கும்போது குழாய் வழியாக மட் என்ற சேற்றுக் குழம்பை உள்ளே விடுவார்கள். களிமண், பாரைட் தூள், தண்ணீர். அது பிட்டைக் குளிர வைக்கும், வெட்டிய துகளை மேலே கொண்டுவரும். முக்கியமான வேலை, தன் எடையால் கீழே இருக்கும் எண்ணெயையும் வாயுவையும் அமுக்கி வைப்பது. ஒரு கேலனுக்கு 10 பவுண்ட் எடையுள்ள மட், 10,000 அடி ஆழம், யூனிட்டை மாற்ற 0.052-ஆல் பெருக்கு: 5,200 பிஎஸ்ஐ. பாறைக்குள் இருக்கும் அழுத்தம் அதைவிடக் கூடினால் திரவம் கிணற்றுக்குள் வர ஆரம்பிக்கும். அதற்குப் பெயர் கிக். கவனிக்காமல் விட்டால் புளோஅவுட், அடக்க முடியாமல் கிணறு பீறிடுவது.

கல்லூரியில் டிரில்லிங் சிமுலேட்டர் இருந்தது. நான் டிரில்லர் நாற்காலியில். குழாயை மேலே உருவ வேண்டும். உருவும்போது குழாய் இருந்த இடம் காலியாகும், அந்த அளவுக்கு மட் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். மூன்று குழாய் சேர்ந்தது ஒரு ஸ்டாண்ட், சுமார் 93 அடி. ஐந்து ஸ்டாண்ட் உருவினால் சுமார் மூன்றரை பேரல் மட் உள்ளே போக வேண்டும். இரண்டு பேரல்தான் போனது. அப்படியென்றால் மீதி இடத்தை வேறு ஏதோ நிரப்பியிருக்கிறது. திரையில் எண் பளிச்சென்று இருந்தது, நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம், "கேஜ் மாட்டிக்கிச்சு போல" என்றேன். அடுத்த ஐந்து ஸ்டாண்டையும் உருவினேன். ஆறு நிமிஷத்தில் திரையில் கிணறு எரிந்தது.

சோம்பல் இல்லை, தூக்கமும் இல்லை. எண்ணைப் பார்த்தேன், பிடிக்கவில்லை, அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அது ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

அடுத்த செமஸ்டரில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் ரிக்கின் விபத்து பற்றி வகுப்பு. 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, 11 பேர் செத்தார்கள். கிணற்றின் அடி சரியாக அடைபட்டிருக்கிறதா என்று அன்று மாலை ஒரு சோதனை செய்தார்கள். அழுத்தத்தை விடுவித்துவிட்டுப் பார்த்தால் அது பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். டிரில் குழாயில் 1,400 பிஎஸ்ஐ ஏறி நின்றது. பக்கத்து லைனில் ஓட்டம் இல்லை. ஏறி நின்ற அழுத்தத்துக்கு ரிக்கிலேயே ஒரு விளக்கம் சொல்லப்பட்டது, "பிளாடர் எஃபெக்ட்" என்று பெயர். பின்னால் விசாரித்தவர்கள் அந்த விளக்கத்தில் பொருளே இல்லை என்றார்கள். சோதனை தேறிவிட்டதாக முடிவு செய்து அடுத்த வேலைக்குப் போனார்கள். அன்று இரவே கிணறு வெடித்தது.

வகுப்பில் பலர் "இதுகூடத் தெரியாதா" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் கேஜ் மாட்டிக்கொண்டதும் அவர்களுடைய பிளாடரும் ஒரே சாதி.

படிப்பில் கஷ்டம் இதுதான். நீ ஒருநாளும் கண்ணால் பார்க்கப்போகாத இடத்திலிருந்து ஒரு எண் வருகிறது. அது நீ நினைத்த மாதிரி இல்லை. அப்போது என்ன செய்கிறாய்? இதற்குத் தேர்வு வைக்க முடியாது, மற்றதற்கெல்லாம் வைக்கிறார்கள்.

ஜூன் 6

மேலே தேதியைக் கவனித்தீர்களா? 2010 ஏப்ரல் 20, 2020 ஏப்ரல் 20. நேற்று எழுதி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் ரிக்கில் வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிப்பாருங்கள், அடுத்த ஏப்ரல் 20-க்கு லீவு கேட்பார்கள்.

அப்புறம் ஒரு சேர்க்கை. 10,000 அடி என்றது நேர் செங்குத்து ஆழம். கிணறு சாய்ந்து போனால் குழாயின் நீளம் 14,000 அடிகூட இருக்கும், அழுத்தத்துக்கு அந்த நீளம் கணக்கில்லை, செங்குத்து ஆழம்தான் கணக்கு. எல்லாத் தேர்விலும் இந்தப் பொறி இருக்கும். வகுப்பில் பாதி விழும். நான் ஒருமுறை விழுந்தேன். சரி, இரண்டு முறை.

ஜூன் 11

பெண் பிள்ளை ரிக்கில் வேலை பார்க்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார், மகளுக்காக. முடியும். 28 நாள் வேலை, 28 நாள் வீடு. சில இடங்களில் 14-14. நாளுக்கு 12 மணி நேரம். அந்த 28 நாளில் வீட்டில் நடக்கும் எந்த நல்லது கெட்டதுக்கும் நீ இருக்கமாட்டாய். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், யாரும் படிப்பில் சேர்க்கும்போது சொல்வதில்லை.

எனக்கென்று தனியாக வந்த தொல்லை உடையில் ஆரம்பித்தது. தீப்பிடிக்காத முழுநீளச் சட்டை-பேண்டில் அவர்களிடம் இருந்ததிலேயே சின்ன அளவு எனக்கு இரண்டு ஆள் கொள்ளும். கையை மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு ஏணி ஏறினேன். பாதுகாப்பு அதிகாரி, மடிப்பு மாட்டிக்கொள்ளும் என்று இறங்கச் சொன்னார். மடிக்காமல் ஏறினால் கை வெளியே வரவில்லை, அதற்கும் இறங்கச் சொன்னார். சரியான அளவு வந்து சேர நாலு மாதம் ஆனது. கழிவறைக் கதையை இங்கே எழுதப்போவதில்லை.

ஆட்கள்? பெரும்பாலும் நல்லவர்கள். இரண்டு பேர் இல்லை. முதல் ஷிப்டில் யார் மட்டின் எடையைச் சரியாக அளந்து சொல்கிறார்களோ அவர்களை ரிக்கில் இருப்பவர்கள் நம்புவார்கள், அதற்கு மேல் அந்த இரவில் யாருக்கும் நேரம் இல்லை.

பட்டம் வாங்கியவர் எல்லோரும் ரிக்குக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து தேக்கத்தை மாதிரிப்படுத்துபவர்கள் நிறைய. அவர்களும் இரவில் விழித்திருக்கிறார்கள், ஆனால் நாற்காலியில்.

ஜூன் 14

"இதெல்லாம் இனி சாஃப்ட்வேரே போட்டுவிடும், எதற்குப் படிக்க வேண்டும்" என்று ஒருவர். நியாயமான கேள்வி. சின்னக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன்.

கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறையின் மின்தடையை அளக்கும் வழக்கம் 1927 செப்டம்பரில் பிரான்சில் பெஷல்பிரோன் வயலில் ஆரம்பித்தது. ஷ்லும்பர்ஜே சகோதரர்களின் ஆட்கள் மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்தி அளந்து, கையால் வரைந்தார்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. ஆக மின்தடை ஏறினால் எண்ணெய் இருக்கலாம். எவ்வளவு என்று சொல்லும் சூத்திரத்தை 1942-ல் ஆர்ச்சி என்பவர் கொடுத்தார். போராசிட்டி 20 சதவீதம், தண்ணீரின் மின்தடை 0.04, பாறையின் மின்தடை 16 என்று வை. சூத்திரத்தில் எம் என்று ஒரு அடுக்கு வரும், வழக்கமாக 2 என்று போடுவார்கள். போட்டால் இடுக்குகளில் 25 சதவீதம் தண்ணீர், மீதி 75 எண்ணெய்.

இப்போது எம்மை 2.2 ஆக்கு. தண்ணீர் 29 சதவீதம். 1.8 ஆக்கு, 21. அந்த எம் பாறையைப் பொறுத்தது, பாறைத் துண்டை ஆய்வகத்தில் வைத்து அளந்தால்தான் தெரியும். அளக்காவிட்டால் சாஃப்ட்வேர் கோபித்துக்கொள்ளாது. தன்பாட்டுக்கு 2 என்று போட்டு, வண்ண வண்ணமாகப் படம் வரைந்து, 75.0 என்று தசமப் புள்ளியோடு கொடுக்கும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் பூஜ்யத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

சாஃப்ட்வேர் போடட்டும். 2 என்று யார் சொன்னது என்று கேட்க ஒருத்தி வேண்டும்.

ஜூன் 18

முதல் நாள் "சேராதே" என்று எழுதியதை மூன்று வாரம் கழித்துத் திரும்பப் படித்தேன். அது உனக்கு எழுதிய பதில் இல்லை. 2016 மே மாதத்து எனக்கு எழுதியது. அந்த 14 மாதக் கோபம் இன்னும் எங்கோ இருக்கிறது போல.

மெக்கானிக்கல், கெமிக்கல் எடு என்றது இன்றும் பொருந்தும், கதவுகள் அதிகம். ஆனால் அந்த இரண்டிலும் பாறை வராது. பாறைக்குள் திரவம் எப்படி நகரும், ஆழத்தில் துளை போட்டால் என்ன ஆகும், ஒன்றிரண்டு துளையை வைத்துக்கொண்டு மைல் கணக்கான இடத்தைப் பற்றி எப்படி முடிவெடுப்பது, இதை முழுநேரமாகச் சொல்லித்தருவது இந்தப் படிப்பு. இது எண்ணெயோடு முடிவதில்லை. வட கடலில் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடி மணற்பாறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், ஆரம்ப வருஷங்களில் வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் டன். அதே டார்சி, அதே மட், கிணற்றுச் சுவர் சரியாமல் இறக்கும் அதே இரும்புக் குழாய் (கேசிங்), ஓட்டம் மட்டும் தலைகீழ். பூமி வெப்பத்தில் மின்சாரம் எடுக்கவும் கிணறு வேண்டும். அங்கேயெல்லாம் எண்ணெய் அளவுக்கு வேலை இருக்கிறதா? இல்லை. அதை மறைக்கமாட்டேன். எண்ணெய் எடுப்பது மனசாட்சிக்கு ஒத்துவருமா என்பது வேறு கேள்வி, அதை உனக்காக நான் தீர்க்க முடியாது. எனக்கே பாதி ராத்திரி தீரும், பாதி ராத்திரி தீராது.

ஆகவே நான் சேர் என்றும் சொல்லவில்லை. ஒரு வேலை தருகிறேன், செய்துவிட்டு எழுது.

ஒரு செங்கல் துண்டு எடு. வெயிலில் நன்றாகக் காய வைத்து எடை போடு. தண்ணீருக்குள் ஒரு நாள் முழுக்க மூழ்க வை. வெளியே எடுத்து, மேலே இருக்கும் ஈரத்தை மட்டும் துணியால் ஒற்றி, திரும்ப எடை போடு. கூடிய கிராம் எவ்வளவோ அத்தனை கன செ.மீ. இடுக்கு. செங்கல்லின் மொத்தக் கன அளவைக் கண்டுபிடி, எப்படி என்று நான் சொல்லமாட்டேன். வகுத்தால் போராசிட்டி. முதலில் தண்ணீரில் போட்டதும் ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார். கைபேசியை உள்ளே வைத்துவிட்டு.

ஜூன் 19

இல்லை, ஒருவேளை நீ ஏற்கெனவே வேறு எதிலாவது சேர்ந்திருந்தாலும் செங்கல்லைச் செய். நஷ்டம் ஒன்றுமில்லை.

ஜூலை 2

பதில் வந்துவிட்டது. காய்ந்த எடை 850 கிராம், ஊறிய எடை 980. இடுக்கு 130 கன செ.மீ. துண்டு ஒழுங்கற்ற வடிவம் என்பதால், விளிம்பு வரை நிரம்பிய பாத்திரத்தில் மூழ்கடித்து, வழிந்த தண்ணீரைப் பிடித்து அளந்திருக்கிறாய். 370 கன செ.மீ. போராசிட்டி 35 சதவீதம்.

முறை நன்றாக இருக்கிறது. விடை தப்பு. எங்கே என்று சொல்லமாட்டேன், ஒரு குறிப்பு மட்டும்: வழிய வைத்தபோது செங்கல் காய்ந்திருந்ததா, ஊறியிருந்ததா?

உனக்கு எழுதத் தோன்றிய இன்னொரு வரியையும் பார்த்தேன். "ஐந்து நிமிஷம் என்றீர்கள், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன், ஒரு மூலையிலிருந்து மட்டும் குமிழி நிற்காமல் வந்தது, ஏன் அந்த மூலை?" அந்தக் கேள்விக்கு மூன்றாம் வருஷத்தில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. என்னிடம் இப்போதைக்கு ஊகம்தான்: உள்ளே ஒரு கீறல் இருக்கும், காற்றுக்கு அதுதான் ராஜபாட்டை.

ஜூலை 4

சரியாகப் பிடித்தாய். காய்ந்த செங்கல்லை முக்கினால் அது தண்ணீரைத் தள்ளுவதோடு குடிக்கவும் செய்கிறது. குடித்தது வழியாது. ஊறிய செங்கல்லை முக்கியபோது 450 வந்தது என்கிறாய். 130-ஐ 450-ஆல் வகுத்தால் 29 சதவீதம்.

இப்போது அதை எப்படி நம்புவது என்று கேட்டாய். நான் கேட்க வேண்டியதை நீ கேட்டுவிட்டாய். 450-இல் 130-ஐக் கழி, 320. இடுக்கு இல்லாத வெறும் திடப் பொருளின் அளவு. 850 கிராமை அதால் வகு, 2.66 வருகிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. செங்கல் முழுக்கக் குவார்ட்ஸ் இல்லை, ஆனாலும் சுட்ட மண் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். பழைய 370-ஐ வைத்துப் போட்டுப்பார்: 850-ஐ 240-ஆல் வகுத்தால் 3.5. செங்கல்லில் இரும்புத் தாது ஏதாவது கலந்தாலொழிய அப்படி வராது. அந்த எண் அன்றைக்கே கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. ஒரு நாள் ஊறியும் உள்ளே கொஞ்சம் காற்று சிக்கிக்கொண்டிருக்கும், ஆக 29 என்பதும் குறைவாக இருக்கலாம். ஆய்வகத்தில் வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சுவோம். உன்னிடம் அது இருக்காது. ஊறிய துண்டைத் தண்ணீரோடு அடுப்பில் வைத்து ஒரு மணி நேரம் கொதிக்க விடு, அதே தண்ணீரில் ஆற வை, திரும்ப எடை போடு. 980-க்கு மேல் எத்தனை ஏறுகிறது என்று எழுது. பாத்திரம் பழையதாக இருக்கட்டும், கீறல் விழும்.